ஒரு பெட்டி அரை டாலர்கள்: விற்பதற்கு முன் தரம் பார்த்த ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

பென்சில்வேனியாவின் கிழக்குப் பகுதியில் ஒரு சிற்றூர். எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மையாரின் கணவர் காலமாகிச் சில மாதங்கள் ஆகியிருந்தன. அவர் விட்டுச்சென்றவற்றில் ஒரு நீள அட்டைப்பெட்டியும் இருந்தது. அதற்குள் சிறுசிறு காகித உறைகளில் 32 பழைய வெள்ளி நாணயங்கள். 1807 முதல் 1836 வரையிலான அரை டாலர்கள், ஆண்டுக்கு ஒன்றாக 28. அதற்கு முந்தைய வடிவமைப்பில் இரண்டு அரை டாலர்கள். 1795ஆம் ஆண்டு டாலர் ஒன்று. ரப்பர் வளையம் போட்டுத் தனியே வைத்திருந்த 1833 அரை டாலர் ஒன்று.

கணவர் எங்கள் வட்டார நாணயச் சங்கத்தின் பழைய உறுப்பினர். அம்மையார் சங்கத்துக்குப் போன் செய்து, "விற்கலாமா, விற்றால் எப்படி என்று யாராவது வந்து சொல்ல முடியுமா" என்று கேட்டார். நானும் இன்னோர் உறுப்பினரும் போனோம். அவர் அரை டாலர்களின் அச்சு வகைகளை, அதாவது அடித்த அச்சைப் பொறுத்து வரும் சிறு வேறுபாடுகளை, பார்ப்பதிலேயே வாழ்நாளைக் கழித்தவர். கீழே வரும் நுட்பமான கணிப்புகள் பெரும்பாலும் அவருடையவை.

நாங்கள் போவதற்குள்ளேயே சில காரியங்கள் நடந்து முடிந்திருந்தன. கணவருடைய தம்பி மகன் ஒருவர், நல்லெண்ணத்தோடுதான், கறுத்திருந்த இரண்டு நாணயங்களைக் கடையில் கிடைக்கும் வெள்ளித் திரவத்தில் முக்கி எடுத்திருந்தார். பழைய உறைகளில் சிலவற்றைக் குப்பையில் போட்டுவிட்டு நாணயங்களை மட்டும் எடுத்து வைத்திருந்தார். ஒரு டீலரிடம் விலையும் கேட்டிருந்தார். அந்த டீலர் அரை டாலர்கள் அனைத்துக்கும் தலைக்கு ஒரே விலை என்றும், 1795 டாலருக்குத் தனி விலை என்றும் சொல்லி, இரண்டு வாரம் அவகாசம் தந்திருந்தார்.

இதற்கு நடுவில் வீட்டுக்குள் ஒரு சந்தேகம் வேறு. வரிசையில் 1815, 1816 இரண்டும் இல்லை. யாரோ எடுத்துவிட்டார்கள் என்று பேச்சு.

1816 எங்கே போனது

இதை முதலில் தீர்த்துவைத்தோம், ஏனென்றால் பணத்தைவிட இதுதான் அந்த வீட்டில் அதிகமாகப் புகைந்துகொண்டிருந்தது. 1816 ஜனவரியில் பிலடெல்பியா நாணயச் சாலையில் தீப்பிடித்து, வெள்ளியைத் தகடாக்கும் உருளை இயந்திரங்கள் நாசமாயின. 1816 என்ற ஆண்டு பொறித்த அரை டாலரே கிடையாது. 1815 உண்டு, ஆனால் 47,150 மட்டுமே அடித்தார்கள். 1812க்குச் செதுக்கிய அச்சின் மேலேயே 5ஐக் குத்தி அடித்தவை அவை. இந்த வரிசையில் எல்லோருக்கும் கடைசி வரை ஒரு காலி இடமாக நிற்பது அந்த ஆண்டுதான், விலை அப்படி. கணவர் கைப்பட எழுதிய பட்டியலில் 1815க்கு எதிரே கேள்விக்குறியும் 1816க்கு எதிரே கோடும் இருந்தன. யாரும் எதையும் எடுக்கவில்லை.

இந்த நாணயங்களைப் பற்றிக் கொஞ்சம்

1792 ஏப்ரல் 2ஆம் தேதிச் சட்டம் ஒரு டாலரில் 371.25 கிரெய்ன் தூய வெள்ளி இருக்க வேண்டும் என்றது. செம்பு சேர்த்து மொத்த எடை 416 கிரெய்ன். அதாவது வெள்ளி 89.24 சதவீதம். இதில் பாதிதான் அரை டாலர்: 208 கிரெய்ன், நம் கணக்கில் 13.48 கிராம். 1837 ஜனவரிச் சட்டம் வெள்ளியை 90 சதவீதமாக்கி எடையைச் சற்றுக் குறைக்கும் வரை இதே அளவு.

1804க்குப் பிறகு 1836 வரை நாணயச் சாலை புழக்கத்துக்கு டாலர் அடிக்கவில்லை. அதனால் நாட்டின் மிகப் பெரிய வெள்ளிக்காசு அரை டாலர்தான். வங்கிகள் தங்களுக்குள் கணக்குத் தீர்க்க இவற்றைப் பைபையாக மாற்றிக்கொண்டன. கடைத்தெருவில் கைமாறித் தேய்ந்தவை குறைவு, வங்கிப் பெட்டகத்தில் கிடந்தவை அதிகம். இருநூறு ஆண்டு பழைய நாணயம் இவ்வளவு நல்ல நிலையில் இவ்வளவு கிடைப்பது இதனால்தான். பழையது என்றாலே அரிது என்று நினைத்து வருபவர்களுக்கு இது முதல் ஏமாற்றம்.

முதலில் தராசு, பிறகு விளிம்பு

லூப் எனப்படும் உருப்பெருக்குக் கண்ணாடியைத் தொடுவதற்கு முன் ஒவ்வொன்றையும் நிறுத்தோம். பெரும்பாலானவை 13.2க்கும் 13.45க்கும் இடையில் நின்றன. புழங்கித் தேய்ந்த நாணயத்துக்கு அது சரியான எடை. தனியே கட்டி வைத்த 1833 மட்டும் 12 கிராமுக்குக் கீழே போனது. விளிம்பெழுத்தும் கோணல்மாணல். உறையைத் திருப்பினால் கணவரே எழுதியிருக்கிறார்: 'அந்தக் காலத்துப் போலி.' 1830களில் ஜெர்மன் சில்வர் எனப்படும் வெள்ளியே இல்லாத உலோகக் கலவையில் இப்படிப் பல போலிகள் அடிக்கப்பட்டன. இவற்றையே தேடிச் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள்.

அடுத்தது விளிம்பு. 1836 இறுதியில் நீராவி இயந்திரமும் வரிவிளிம்பும் வரும்வரை, அரை டாலர் விளிம்பில் 'ஃபிஃப்டி சென்ட்ஸ் ஆர் ஹாஃப் எ டாலர்' என்ற வாசகம் ஓடும். வெற்று வட்டை இரண்டு இரும்புப் பட்டைகளுக்கு நடுவே உருட்டி அதைப் பதித்த பிறகுதான் முகங்களை அடித்தார்கள். நகையில் கோத்தது, ஓட்டை அடைத்தது, விளிம்பில் தட்டுப்பட்டது எல்லாவற்றுக்கும் அங்கே தடயம் கிடைக்க வாய்ப்பு உண்டு. தரச்சான்று தருபவர்கள் தெளிவான பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்தபின் விளிம்பைச் சரியாகப் பார்க்க முடியாது என்பதால், உறையில்லாமல் கையில் இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும். நாணயத்தை எப்போதும் விளிம்பில்தான் பிடிக்க வேண்டும் என்பதை அந்தத் தம்பி மகனான இளைஞருக்கு இரண்டு மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது. பிறகு அவரே மற்றவர்களுக்குச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

1795 டாலரும் அதன் செருகலும்

குடும்பத்தின் நம்பிக்கை முழுவதும் இந்த ஒரு நாணயத்தில் இருந்தது. விலைப் புத்தகத்தில் பார்த்த தொகை அப்படி. அதோடு, அதில் ஒரு சிறு வட்ட அடைப்பு தெரிகிறது என்று டீலர் சொன்னதும், இளைஞர் தேடிப் படித்து ஒரு புதிய எதிர்பார்ப்போடு காத்திருந்தார்.

அவர் படித்தது பொய்யல்ல. 1795இல் எடை குறைவாக அமைந்துவிட்ட வெற்று வட்டுகளின் நடுவே துளையிட்டு, சின்ன வெள்ளித் துண்டைச் செருகி, அதன் மேல் நாணயச் சாலையே அச்சடித்திருக்கிறது. அப்படிப்பட்டவற்றுக்கு இன்று விலை கூடுதல். 2013 ஜனவரியில் நியூயார்க் ஏலத்தில் ஒரு கோடி டாலரைத் தாண்டிய 1794 டாலரிலும் இந்தச் செருகல் உண்டு.

ஆனால் நாணயச் சாலையின் செருகல் நாணயத்தின் நடுவில் இருக்கும். அச்சு விழுவதற்கு முன்பே வைத்தது என்பதால் முகப்பிலுள்ள பெண் தலையின் கூந்தலும் கன்னமும் அதன் மேல் தடையின்றி ஓடும். இங்கே அடைப்பு இருந்தது உச்சியில், லிபர்ட்டி (LIBERTY) என்ற சொல்லின் நடு எழுத்தான 'இ'யின் (E) மேல். தலையைத் தொங்கவிடாமல் நேராக நிற்கும்படி கழுத்தில் மாட்டத் துளை போடுகிறவர்கள் தேர்ந்தெடுக்கும் இடம் அது. மேசை விளக்கைத் தாழ்த்திச் சாய்ந்த ஒளியில் திருப்பியபோது மயிரிழை போன்ற ஒரு வட்டக்கோடு தெரிந்தது. அந்த வட்டத்துக்குள் 'இ'யின் மூன்று குறுக்குக் கோடுகளும் பக்கத்து எழுத்துகளைவிடக் கூர்மையாக, உளியால் இழுத்தவைபோல இருந்தன. சுற்றியுள்ள எழுத்தெல்லாம் தேய்ந்து உருண்டிருக்க, ஓர் எழுத்து மட்டும் தேயாமல் இருக்க வழியில்லை. பின்பக்கம் இலைவளையத்தின் முடிச்சுக்குக் கீழேயும் அதே வட்டம்.

நீரில் தொங்கவிட்டு நிறுத்ததில் ஒப்படர்த்தி 10.3ஐ ஒட்டி வந்தது. இந்தக் கலவைக்கு வர வேண்டியதும் அதுதான். ஆக நாணயம் அசல், துளை பிற்காலத்தது, அடைப்பும் எழுத்தும் பொற்கொல்லர் வேலை. வீட்டில் யாரும் சிறிது நேரம் பேசவில்லை.

யாரும் கண்டுகொள்ளாத 1813

டீலர் 1813 அரை டாலரை 'வி.எஃப். 30' என்று மதிப்பிட்டிருந்தார். 1949இல் ஷெல்டன் என்பவர் பழைய செப்பு சென்ட்களுக்காக வகுத்த 1 முதல் 70 வரையிலான அளவுகோல்தான் இன்று எல்லா அமெரிக்க நாணயங்களுக்கும் வழங்குகிறது. எண் கூடக் கூடத் தேய்மானம் குறைவு: 20 முதல் 35 வரை 'வி.எஃப்.', 40 முதல் 'எக்ஸ்.எஃப்.', 50 முதல் 58 வரை 'ஏ.யூ.', 60 முதல் புழங்காதது.

டீலர் பார்த்தது இது: நட்சத்திரங்கள் பாதிக்குமேல் தட்டை, நடுக்கோடுகளே இல்லை. தோள் துணியைப் பிடிக்கும் கொக்கி மழுங்கல். பின்பக்கம் கழுகுக்கு மேலுள்ள பட்டையில் 'இ புளூரிபஸ் யூனம்' அரைகுறை. மேலோட்டமாகப் பார்த்தால் நன்றாகத் தேய்ந்த நாணயம்.

தேய்மானம் என்றால் மேடான இடம் முதலில் போக வேண்டும். இதில் கன்னமும் தொப்பியின் மேல்மடிப்பும் ஏறக்குறைய முழுமையாக நிற்கின்றன. நட்சத்திரங்களின் தட்டையான பரப்பிலும், எழுத்துகளின் இடுக்கிலும், வெள்ளியின் ஆதிப் பளபளப்பு நாணயத்தைச் சாய்க்கச் சாய்க்கச் சுழன்று வந்தது. தேய்ந்த இடத்தில் பளபளப்பு மிஞ்சாது. எனவே அந்தத் தட்டை அச்சு சரியாக விழாததால் வந்தது. கையால் சுழற்றும் திருகு அழுத்தியில், இருபுறமும் ஆழமான பகுதிகள் நேருக்கு நேர் வந்துவிட்டால் உலோகம் இரண்டையும் நிரப்பப் போதாது. இந்த வரிசை முழுக்க இந்தக் குறை உண்டு. அதைத் தேய்மானத்திலிருந்து பிரித்தறியத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் இடையில்தான் இந்தச் சந்தையில் லாபமெல்லாம் இடம் மாறுகிறது என்பது என் கருத்து.

அதற்குப் பிறகுதான் என் நண்பர் லூப்பைப் பின்பக்கத்தின் அடிப்பகுதிக்குக் கொண்டுபோனார். '50 சி' என்ற மதிப்புக்கு அடியில் வேறு எழுத்துகளின் மிச்சம்: 'யு', 'என்', 'ஐ'. அச்சைச் செதுக்கியவர் 'யுனைடெட்' என்பதைத் தவறான இடத்தில் தொடங்கி, மூன்று எழுத்துக்குப் பின் உணர்ந்து, அதன் மேலேயே மதிப்பைக் குத்திவிட்டார். அச்சு எஃகு விலை உயர்ந்தது, தூக்கிப் போட மனம் வந்திருக்காது. பேரரிது இல்லை என்றாலும் சாதாரண 1813ஐவிட நல்ல விலை போகும் வகை. இதன் உறை குப்பைக்குப் போனவற்றில் ஒன்று. கணவர் அதில் என்ன எழுதியிருந்தாரோ.

1807லும் இப்படி ஒரு பிழை இருந்தது. 50இன் 5க்கு அடியில் ஒரு 2. யாரோ 20 என்று குத்திவிட்டுத் திருத்தியிருக்கிறார்கள். இளைஞர் இதைப் பார்த்து மிகவும் பரபரப்பானார். ஆனால் இந்த வடிவமைப்பின் 1807 நாணயங்களில் அதிகம் கிடைப்பதே இந்த 20-மேல்-50 வகைதான். பிழை வேடிக்கையானது என்பதற்காக அது அரிதாகிவிடாது.

மற்றவை சுருக்கமாக

முந்தைய வடிவமைப்பிலிருந்த 1806இன் முகப்பில் இணையான கோடுகள். கீறல் என்று டீலர் கழித்திருந்தார். எடை கூடிய வட்டுகளை அச்சடிப்பதற்கு முன் அரத்தால் ராவிச் சரிப்படுத்துவது அந்நாளைய வழக்கம். பிற்காலக் கீறல் என்றால் கோட்டின் கரையில் உலோகம் மேடு தட்டியிருக்கும், உருவத்தின் மேல் ஏறி ஓடும். இவை அச்சின் அழுத்தத்தில் மழுங்கி, விளிம்பருகே மட்டும் நின்றன. அரக்கோடுகள்தான்.

பெட்டியிலேயே அழகானது என்று அம்மையார் காட்டியது 1836. பளீரென்ற வெண்மை. ஆனால் சாய்த்தால் ஒளி சுழலவில்லை, நின்ற இடத்திலேயே மின்னியது. லூப்பில் பார்த்தால் எழுத்துகளின் ஒரே பக்கத்தில் உலோகம் ஒதுங்கிக் கரை கட்டியிருந்தது. எப்போதோ எவரோ கம்பித் தூரிகையைச் சுழலவிட்டு மெருகேற்றியிருக்கிறார்கள்.

இளைஞர் திரவத்தில் முக்கி எடுத்த இரண்டில் 1831 உயிரற்ற சுண்ணாம்பு வெள்ளையாகிவிட்டது. திரவத்தின் அமிலம் கறுப்போடு சேர்த்து மேல்பரப்பின் நுண்ணிய வரிகளையும் கரைத்துவிடும், பளபளப்பு அந்த வரிகளில்தான் இருக்கிறது. பண்டிகைக்கு முன் குத்துவிளக்கைத் துலக்குகிற கைப்பழக்கம் நாணயத்தில் மட்டும் ஆகாது.

மென்பிளாஸ்டிக் உறையில் இருந்த நான்கில் பச்சைப் பிசுக்கு படிந்திருந்தது. இதை அப்படியே விட்டால் வெள்ளியை அரிக்கும். சுத்தமான அசிட்டோனில், தேய்க்காமல், இரண்டு கிண்ணம் மாற்றி ஊறவைத்து எடுத்தோம். நகப்பூச்சு நீக்கி வேறு பொருள், அதில் எண்ணெயும் வாசனையும் இருக்கும். அசிட்டோன் வெள்ளியைத் தொடாது, பிசுக்கை மட்டும் கரைக்கும் என்பதால் இந்த ஒன்றைக் கழுவல் என்று யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

டீலரின் அவகாசத்துக்குள் எதையும் விற்பதில்லை என்பது முதல் முடிவு. அவர் ஏமாற்றுகிறார் என்று நாங்கள் கருதவில்லை. தலைக்கு ஒரே விலை என்பது மொத்தக் கொள்முதலில் சகஜம். அது சராசரி நாணயத்துக்கு நியாயமாகவும், நல்ல நாணயத்துக்கு அநியாயமாகவும் முடியும், அவ்வளவுதான்.

அடுத்து, எதைத் தரச்சான்றுக்கு அனுப்புவது. தரச்சான்று தரும் நிறுவனங்களான பி.சி.ஜி.எஸ். 1986இலும் என்.ஜி.சி. 1987இலும் தொடங்கியபின், சான்றோடு பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்த நாணயத்துக்கே ஏலத்தில் நம்பிக்கை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் கட்டணம், தபால், காப்பீடு உண்டு. சான்று கூட்டித்தரும் விலை அந்தச் செலவைத் தாண்டுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டதில் எட்டு மட்டும் தேறின. இளைஞர் 32ஐயும் அனுப்பச் சொன்னார், அம்மையார் வேண்டாம் என்றுவிட்டார்.

1795 டாலரை அனுப்புவதில் எங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு. தர எண் தராமல் குறையை மட்டும் குறிக்கும் குறைபாட்டுச் சான்றுதான் வரும் என்று தெரிந்தும் ஏன் பணம் செலவழிக்க வேண்டும் என்றார் நண்பர். ஆரம்பகால டாலர்களில் நவீனப் போலிகள் ஏராளம், அசல் என்ற ஒரு சொல்லே வாங்குபவருக்குப் பாதி விலை பெறும் என்றேன் நான். அனுப்பினோம்.

மூன்றாவது, கணவர் இறந்த தேதியின் சந்தை விலைப்படி எழுத்தில் ஒரு மதிப்பீடு. பரம்பரையாக வந்த சொத்துக்கு அமெரிக்க வருமான வரிச் சட்டத்தில் அந்தத் தேதியின் மதிப்பே அடக்க விலை. சேகரிப்புப் பொருள்களின் நீண்டகால லாபத்துக்கு வரி 28 சதவீதம் வரை போகலாம். கணவர் பல ஆண்டுகளுக்கு முன் கொடுத்த விலையைக் கணக்கில் காட்டினால் அம்மையார் வீணாக வரி கட்டியிருப்பார். இதை அவருடைய கணக்காளர் உறுதி செய்தார்.

விளைவு

எட்டில் ஆறு முழுத் தரத்தோடு திரும்பின. 1813க்கு 'ஏ.யூ. 53', வகையின் பெயரும் சேர்த்து. 1806க்கு 'வி.எஃப். 30', அரக்கோடுகளைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. 1827க்குக் 'கழுவப்பட்டது' என்று குறைபாட்டுச் சான்று. அதே போன்ற மேல்பரப்புடைய 1830 முழுத் தரம் பெற்றது. இரண்டையும் பக்கத்தில் வைத்து இப்போதும் எங்களால் வேறுபாடு காண முடியவில்லை. தரம் என்பது அன்று அந்த மேசையில் அமர்ந்தவர்களின் கருத்து என்பதற்குமேல் இதற்கு விளக்கம் இல்லை. 1795க்கு எதிர்பார்த்தபடியே: அசல், அடைக்கப்பட்டது, தரம் இல்லை.

ஏலத்தில் 1813 டீலரின் தலைவிலையைப் போல் பத்து மடங்குக்கு மேல் போனது. டாலர் அவர் முதலில் சொன்ன தனி விலையை ஒட்டியே முடிந்தது. கமிஷன் கழித்தால் சற்றுக் குறைவுதான். அந்த நாணயத்தைப் பொறுத்தவரை அவர் சரியாகவே மதிப்பிட்டிருந்தார்.

மீதியில் பத்தொன்பதை அதே டீலரிடம் கொண்டுபோனோம். இம்முறை ஒவ்வொன்றுக்கும் அச்சு வகை எண்ணும் எங்கள் தரக்கணிப்பும் எழுதிய பட்டியலோடு. அவர் பட்டியலைப் படித்தார், ஐந்தை ஒதுக்கி வைத்துத் தனி விலை தந்தார், மற்றவற்றுக்குப் பழைய விலையே. பேரம் அரை மணி நேரத்தில் முடிந்தது. மெருகேற்றிய 1836ஐயும் 1833 போலியையும் சேர்த்து ஐந்து நாணயங்களை அம்மையார் தன்னிடமே வைத்துக்கொண்டார். 1836 விலை போகாது என்று நாங்கள் சொன்னதை அவர் பொருட்படுத்தவில்லை.

இனி மாற்ற வேண்டியவை

பெரிய இழப்பு திரவத்தில் முக்கி எடுத்த இரண்டு நாணயங்களால் வரவில்லை, தூக்கிப் போட்ட உறைகளால் வந்தது. மிஞ்சிய உறைகளில் வாங்கிய ஆண்டு, விற்றவர், 'ஓ-107' போன்ற குறிப்பு எல்லாம் இருந்தன. அந்த எண் 1967இல் வெளிவந்த ஓவர்ட்டனின் அரை டாலர் அச்சு வகைப் பட்டியலின் எண். இளைஞர் அதைக் கொடுத்த விலை என்று நினைத்திருந்தார். உறை இருந்த நாணயங்களுக்கு ஏல அட்டவணையில் யார் கையிலிருந்து வந்தது என்று எழுத முடிந்தது, 1813க்கு முடியவில்லை.

தரச்சான்றுக்கு அனுப்புவதற்கு முன் விளிம்பைப் படமெடுக்காமல் விட்டது இன்னொரு குறை. ஏலத்தில் ஒருவர் 1806இன் விளிம்பெழுத்தைப் பற்றிக் கேட்டபோது கையில் படம் இல்லை. சங்கத்தில் இப்போது விளிம்பைச் சுற்றி நான்கு படங்கள் எடுப்பதை வழக்கமாக்கியிருக்கிறோம்.

உறுப்பினர்கள் உயிரோடு இருக்கும்போதே நிரப்பி வைக்க ஒரு பக்கப் படிவமும் தயாராகியிருக்கிறது. வகை எண்ணைக் குறியீடாக எழுதாமல் அது என்ன என்று ஒரு வரியில் எழுதச் சொல்கிறோம். போலி என்றால் போலி என்று எழுதச் சொல்கிறோம். படிவத்தின் தலைப்பில் வாரிசுகளுக்கு இரண்டு வேண்டுகோள்: எதையும் கழுவ வேண்டாம், உறைகளை எறிய வேண்டாம். அதன் கீழே சங்கத்தின் போன் எண்.